எப்.எம். நின்றுபோகுமா? டிஜிட்டல், இணைய, செய்மதி வானொலிகளும் மலையகமும்

நோர்வே 2017இல் தன் தேசிய எப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது. சுவிட்சர்லாந்தின் பொதுத்துறை வானொலி 2024 இறுதியில் அதையே செய்தது. இந்தியாவின் ஆகாசவாணி பல நிலையங்களில் டிஜிட்டல் ஒலிபரப்பிகளை நிறுவியிருக்கிறது. 2025 ஜூலையில் செய்மதி இணைய நிறுவனமான ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. இவ்வாறு துண்டு துண்டாக வரும் செய்திகளைச் சேர்த்துப் படிக்கும் ஒருவருக்கு, மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) தொங்கும் வானொலிப் பெட்டி இன்னும் சில வருடங்களில் ஊமையாகிவிடும் என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது. எனினும் அது எவ்விடத்தில் தவறுகிறது என்பதை அறிய, அலை எப்படிப் பயணிக்கிறது, அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள், மின்சாரம் போனால் எது மிஞ்சும் என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ஒலி எந்த வழியாக வருகிறது

"டிஜிட்டல் ரேடியோ" என்ற பெயரில் மூன்று வேறு வேறு வழிகள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன.

1. தரைவழி டிஜிட்டல் வானொலி. எப்.எம். போலவே இதுவும் கோபுரத்திலிருந்து காற்றலையில் வருகிறது. ஒலி மட்டும் எண்களாக மாற்றப்பட்டு அலையில் ஏற்றப்படுகிறது. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ளது டிஏபி, அதன் மேம்பட்ட வடிவமான டிஏபி பிளஸ் என்ற முறை. இந்தியாவில் டிஆர்எம். அமெரிக்காவில் எச்டி ரேடியோ. ஒரு முறைக்கென்று செய்த பெட்டியில் மற்ற முறை பொதுவாகக் கேட்காது. இலங்கையில் இவற்றில் எதுவும் வழக்கமான சேவையாக இல்லை.

2. இணைய வானொலி. நிலையத்தின் கணினியிலிருந்து புறப்படும் ஒலி, கைபேசிக் கோபுரம் வழியாகவோ கம்பி வழியாகவோ வந்து செயலியில் ஒலிக்கிறது. இங்கே ஒலிபரப்பு என்பதே இல்லை. கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்படுகிறது.

3. செய்மதி வானொலி. இந்தப் பெயருக்குள்ளும் மூன்று பொருள்கள் இருக்கின்றன: சிறிய பெட்டிக்கு நேரடியாக ஒலி அனுப்பும் செய்மதி, தொலைக்காட்சி டிஷ் வழியாக வரும் வானொலி அலைவரிசைகள், ஸ்டார்லிங்க் போன்ற செய்மதி இணையம். கடைசியாகச் சொன்னது வானொலியே அல்ல. அது இணையத்துக்கான இன்னொரு பாதை.

மலை அலையை என்ன செய்கிறது

கொழும்பில் 1925 டிசெம்பர் 16 அன்று வானொலி தொடங்கியபோதும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் ஒலிபரப்புச் சாதனங்கள் ரேடியோ சிலோனுக்குக் கிடைத்தபோதும், வேலை செய்தவை மத்திய அலையும் சிற்றலையும்தான். மத்திய அலை நிலத்தோடு ஒட்டி வளைந்து செல்லும். சிற்றலையோ வானத்தின் உயரத்தில் இருக்கும் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே விழும். கொழும்பு வானொலி தமிழ்நாட்டு வீடுகளில் துல்லியமாகக் கேட்டதற்குக் காரணம் அதுவே. மேலிருந்து விழும் அலைக்கு மலை ஒரு தடையும் இல்லை; பள்ளத்தாக்கின் அடியில் உள்ள லயத்திலும் அது கேட்கும்.

எப்.எம். அப்படியல்ல. 87.5 முதல் 108 மெகா ஹேர்ட்ஸ் வரையான இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. அதனால்தான் ஒலிபரப்பு நிறுவனங்கள் ஹந்தானை, நாயபெத்த போன்ற உயரமான இடங்களைத் தேடிப் போயின. 1990களில் தனியார் எப்.எம். நிலையங்கள் பெருகி, மத்திய அலையும் சிற்றலையும் படிப்படியாக ஒதுக்கப்பட்டபோது, சமதரையில் இருந்தவர்களுக்கு ஒலியின் தரம் உயர்ந்தது. மலையகத்தின் மடிப்புகளுக்குள் இருந்தவர்களுக்கோ வானொலி கேட்பது, எதிரே இருக்கும் மலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்த விடயமாகிவிட்டது. அந்த மாற்றத்தின்போது இந்த இழப்பைப் பற்றி அதிகம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை.

மறைப்பது மலையின் முதல் தொல்லை என்றால், எதிரொலிப்பது இரண்டாவது. கோபுரத்திலிருந்து நேரே வரும் அலையும், எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வரும் அதே அலையும் பெட்டிக்குள் சற்று முன்பின்னாக வந்து சேர்கின்றன. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் ஒலி தெளிவாகும். ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் இரைச்சலாகும். 100 மெகா ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர் என்பதால், நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் இடையே சில வேளைகளில் இரண்டரை அடி தூரமே இருக்கும். பெட்டியை அடுப்படிச் சுவரிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்ததும் பாட்டு வருவதும், அன்ரனாவில் செப்புக் கம்பியைச் சுற்றி அதன் மறுமுனையைக் கூரைத் தகரத்தில் செருகியவுடன் செய்தி தெளிவதும், யாராவது குறுக்கே நடந்தால் மறுபடி கொரகொரப்பதும் இந்தக் கணக்கின் விளைவுகள். பெட்டியில் கோளாறு என்று கடைக்கு எடுத்துச் சென்று பணம் செலவழித்தவர்கள் பலர்.

தொழில்நுட்ப அளவில் டிஜிட்டல் முறையின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. டிஏபி முறையில் ஒலி ஒரே அலையில் ஏற்றப்படுவதில்லை; 1,536 மெல்லிய அலைகளில் பிரித்து ஏற்றப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 246 மைக்ரோ செக்கன் இடைவெளி விடப்படுகிறது. அந்த இடைவெளிக்குள், அதாவது சுமார் 74 கிலோமீற்றர் அதிகமாகச் சுற்றி வரும் எதிரொலிகூட, கெடுதல் செய்யாமல் நேர் அலையோடு சேர்ந்து வலுவூட்டும். ஆகவே பல மலைகளில் பல சிறிய ஒலிபரப்பிகளை ஒரே அலைவரிசையில் இயக்கலாம். ஹட்டனிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ்ஸில் சாரதி நடுவழியில் எண்ணை மாற்றித் தேட வேண்டியதில்லை. மேலும் ஒரே டிஏபி ஒலிபரப்பியில் நிலையமொன்றுக்கு வினாடிக்கு 64 கிலோபிட் என்று கொடுத்தால் பதினெட்டு நிலையங்கள் வரை போகலாம்.

இந்தப் பண்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், டிஜிட்டல் வானொலி கொழும்பைவிட மலைகள் சூழ்ந்த மஸ்கெலியாவுக்கே அதிகம் பொருந்தும்.

நோர்வேயின் கணக்கு இங்கே ஏன் பொருந்தாது

நோர்வேயும் மலைநாடு. கடல் உள்வாங்கிய ஆழமான பள்ளத்தாக்குகளும் சிதறிய குடியிருப்புகளும் கொண்ட அந்த நாட்டில், ஒரு நிலையத்தை எப்.எம். வழியாக நாடு முழுவதும் கொண்டுசெல்ல, டிஏபியைவிட எட்டு மடங்கு செலவாகிறது என்று அந்நாட்டு அரசு வாதிட்டது. 2017 ஜனவரியில் வடக்கே தொடங்கிய நிறுத்தம் டிசெம்பரில் முடிந்தது. அப்போதும் பெரிய நகரங்களுக்கு வெளியே இருந்த உள்ளூர் நிலையங்கள் எப்.எம். அலையில் தொடர அனுமதிக்கப்பட்டன. "நோர்வேயில் எப்.எம். இல்லை" என்று சொல்லும் செய்திகள் இதை விட்டுவிடுகின்றன. சுவிட்சர்லாந்தில் பொதுத்துறை நிலையங்கள் எப்.எம்மை விட்ட பிறகு கேட்போர் தொகை குறைந்தது. ஹொங்கொங் 2017இல் டிஏபி சேவையையே மூடியது. அயர்லாந்தின் பொதுத்துறை வானொலி 2021இல் அதே முடிவை எடுத்தது. பிரித்தானியாவில் எப்.எம். குறைந்தது 2030 வரை இருக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. உலகம் முழுவதும் ஒரே திசையில் போகிறது என்பது சரியான சித்திரமல்ல.

நோர்வேயின் கணக்கில் ஒலிபரப்பாளரின் செலவு குறைந்தது; கேட்பவரின் செலவு கூடியது. ஒவ்வொரு வீடும் புதிய பெட்டி வாங்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு காரிலும் மாற்றுச் சாதனம் பொருத்த வேண்டியிருந்தது. வருமானம் மிகுந்த நாட்டில் அது முணுமுணுப்போடு முடிந்தது. தோட்டப்புறத்தில் அப்படி முடியாது. ரோச் லைட்டோடு சேர்ந்து வரும் மலிவு எப்.எம். பெட்டியும், பொத்தான் கைபேசியில் இயர்போன் வயரையே அன்ரனாவாக வைத்துக் கேட்கும் வசதியும்தான் இங்கே பரவலான கருவிகள். டிஜிட்டல் பெட்டி இவற்றைவிட விலை கூடியது, பற்றரியையும் அதிகம் தின்பது.

கருவி பொருந்தாவிட்டால் அலை இருந்தும் பயனில்லை என்பதற்கு நமக்கு ஏற்கெனவே ஓர் உதாரணம் உண்டு. ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பாவித்த வான்களின் வானொலி, அந்நாட்டு எப்.எம். எல்லையான 76 மெகா ஹேர்ட்ஸில் தொடங்கி 90 வரையே செல்லும் விதமாகச் செய்யப்பட்டது. இலங்கை நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே இருக்கின்றன. ஆகவே வாங்கியவுடன் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு டப்பாவைப் பொருத்துகிறோம். பொருத்திய பிறகும் முழு அலைவரிசையும் கிடைப்பதில்லை. ஒரு நாட்டின் தரம் இன்னொரு நாட்டின் வீதியில் இப்படித்தான் அரைகுறையாக ஓடும். இப்போது ஐரோப்பியச் சந்தைக்கான சில கார்களில் டிஏபி என்ற தெரிவு இருப்பதைக் கண்டு இங்கும் அது வந்துவிட்டது என்று எண்ணுகிறவர்களுக்கும் இதுவே விளக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசெம்பர் முதல் புதிய கார்களில் டிஜிட்டல் வானொலி கட்டாயம். அந்தச் சட்டம் கார்களோடு கப்பலேறி வந்தது, ஒலிபரப்பு வரவில்லை.

டிஜிட்டலுக்கு இன்னொரு குணமும் உண்டு. எப்.எம். அலை பலவீனமானால் இரைச்சல் கூடும். ஆனால் சொற்கள் காதில் விழுந்துகொண்டிருக்கும். டிஜிட்டல் அலை குறிப்பிட்ட எல்லைவரை மிகத் தெளிவாக இருந்து, அதைத் தாண்டியதும் முற்றாக நின்றுவிடும். பள்ளத்தாக்கின் ஓரத்தில், எல்லைக்கோட்டில் இருக்கும் வீடுகளுக்கு இந்த வேறுபாடு பெரியது. மேலே சொன்ன சிறு ஒலிபரப்பிகளை நெருக்கமாக நிறுவினால் இதைத் தீர்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காணி, மின்சாரம், பாதை, பராமரிப்பாளர் தேவை. தொலைக்காட்சியை டிஜிட்டலாக்க 2014இல் ஜப்பானியத் தரத்தைத் தேர்ந்தெடுத்த நாடு, பத்தாண்டு கடந்தும் அந்த மாற்றத்தை முடிக்கவில்லை. வானொலி அதைவிட வேகமாக நகரும் என்று எதிர்பார்க்க நியாயம் இல்லை.

டிஆர்எம் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்லலாம். அது மத்திய அலையிலும் சிற்றலையிலும் இயங்கக்கூடிய டிஜிட்டல் முறை. ஆகவே நிலத்தோடு வளையும், வானிலிருந்து விழும் பழைய நன்மைகள் அதற்கு உண்டு. சென்னை உட்பட முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் ஆகாசவாணி இதற்கான ஒலிபரப்பிகளை வைத்திருக்கிறது. இந்தியாவில் பல இலட்சம் கார்களில் அதற்கான வசதி வந்துவிட்டது. சாதாரண வீட்டுக்கு வாங்கக்கூடிய மலிவுப் பெட்டிதான் இன்னும் பெருகவில்லை. மலையகத்துக்குப் பொருத்தமான டிஜிட்டல் முறை ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், காகிதத்தில் இதுவே வெல்லும்.

இணையம்: யாருக்கு மலிவு?

வினாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் வரும் இணைய வானொலி, மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் டேட்டாவை எடுக்கும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கேட்டால் மாதத்துக்கு மூன்றரை கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. யூடியூப் பார்க்கிறவருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் வானொலியை விடியற்காலையில் திருகிவிட்டுச் சமையல், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புதல், பிரட்டுக்களத்துக்கு (காலையில் தோட்ட வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) புறப்படுதல் என்று வேலையோடு வேலையாகக் கேட்பதே இங்குள்ள பழக்கம். எவரும் கவனித்துக் கேட்காத நேரத்திலும் இணைய வானொலி டேட்டாவைக் கரைக்கும், எப்.எம். கரைக்காது. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் எப்.எம். நிலையத்தின் செலவு ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு புதிய நேயரும் நிலையத்துக்கு ஒரு செலவு, தனக்கும் ஒரு செலவு.

இருந்தபோதிலும் கேட்கும் நேரத்தின் பெரும்பகுதி இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இளையோர் பாட்டுக்காக வானொலியைக் காத்திருப்பதில்லை. இன்னொரு பக்கம், கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும், மத்திய கிழக்கில் வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்களும் ஊர் வானொலியைக் கேட்க வழி செய்தது இணையமே. கோபுரத்தின் எல்லையைத் தாண்டியவர்களுக்கு வேறு எந்தத் தொழில்நுட்பமும் இதைத் தரவில்லை. ஆகவே இணைய வானொலி, மலையகத்துக்குள் இருப்பவரைவிட மலையகத்தை விட்டுப் போனவருக்கே முதலில் பயன்பட்டது என்று சொல்லலாம்.

செய்மதி: ஒரு பழைய பாடம், ஒரு புதிய விலை

நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகள் இலங்கையிலிருந்து பார்க்கும்போது வானில் மிக உயரத்தில் தெரியும். ஐரோப்பாவில் போல அடிவானத்துக்கு அருகில் தாழ்ந்திருப்பதில்லை. எனவே மலை அவற்றை மறைப்பது குறைவு. பள்ளத்தில் இருக்கும் லயங்களின் கூரைகளிலும் டிஷ் அன்ரனாக்கள் வேலை செய்வது இதனால்தான். கடும் மழையில் படம் உறைந்துபோவது வேறு காரணத்தால். அந்த அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன.

ஆசியாவுக்கென்று நேரடிச் செய்மதி வானொலி ஒன்று இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஆசியாஸ்டார் செய்மதி 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஏவப்பட்டது. அதில் தமிழுக்கென்றே ஓர் அலைவரிசை இருந்தது. 2004 சுனாமிக்குப் பின், இலங்கையில் கிராமங்களுக்கு அனர்த்த எச்சரிக்கை அனுப்ப அதன் பெட்டிகளைப் பயன்படுத்திச் சர்வோதயத் தொண்டு அமைப்பும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் பரிசோதனை நடத்தின. ஆனால் கட்டணம் செலுத்திக் கேட்போர் போதிய அளவில் சேரவில்லை. 2008இல் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2009 இறுதியில் இந்தியச் சேவை நின்றது. பெட்டிகள் வெறும் பிளாஸ்டிக்காயின. வட அமெரிக்காவில் சிரியஸ்எக்ஸ்எம் பிழைத்திருப்பது காரில் நீண்ட தூரம் ஓட்டும் கோடிக்கணக்கானவர்கள் சந்தா கட்டுவதால். அத்தகைய சந்தை இங்கே இல்லை.

ஸ்டார்லிங்கைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட மாதக் கட்டணமே பத்தாயிரம் ரூபாவைத் தாண்டியது. டிஷ் செலவு தனி. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஏழு முழுப் பேர் போட்டாலும், அதாவது ஏழு முழு நாள் வேலை செய்தாலும், அந்தத் தொகை வந்திருக்காது. அது தனி வீட்டுக்கானதாக இல்லாமல், ஒரு பாடசாலைக்கோ, வைத்திய நிலையத்துக்கோ, மலையுச்சியில் உள்ள சிறு ஒலிபரப்பிக்கோ இணைப்புக் கொடுக்கும் கருவியாக வரும்போதுதான் இந்தப் பேச்சில் இடம் பெறும்.

மண்சரிவு நாளில் எது ஒலிக்கும்

ஹல்துமுல்ல பிரதேசத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடளாவிய ரீதியில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் வீதிகளையும் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் ஒருசேரத் துண்டித்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறையும் அப்போது எழுந்தது.

இத்தகைய நாளில் சாதனங்கள் செயலிழக்கும் வரிசை ஏறத்தாழ இதுதான்:

1. வீட்டு மின்சாரம் முதலில் போகும். டிஷ்ஷும் தொலைக்காட்சியும் அதோடு நின்றுவிடும்.
2. கைபேசிக் கோபுரங்கள் பற்றரியில் சில மணி நேரம் ஓடும். பிறகு ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும். பாதை சரிந்திருந்தால் டீசல் வராது. இணைய வானொலி அந்த நேரத்தோடு முடிந்தது.
3. கைபேசியின் சார்ஜ் மறுநாளுக்குள் தீரும்.
4. இரண்டு பற்றரி போட்ட எப்.எம். பெட்டி பல நாட்கள் ஓடும், மலையுச்சியில் ஒலிபரப்பி உயிரோடு இருக்கும்வரை.

நான்காவது வரியின் நிபந்தனையைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு நூற்றுக்கணக்கான கைபேசிக் கோபுரங்களைக் காப்பாற்றுவதைவிட, நாலைந்து ஒலிபரப்பிகளுக்குச் சூரிய மின்கலமும் பெரிய பற்றரியும் வைப்பது செய்யக்கூடிய காரியம். டிஏபி, டிஆர்எம் இரண்டிலும் அவசர எச்சரிக்கை வசதி உண்டு. காத்திருப்பு நிலையில் உள்ள பெட்டியை அது தானாக இயக்கி, ஒலியோடு பல மொழிகளில் எழுத்தையும் காட்டும். நள்ளிரவில் மலை சரியும் இடத்தில் இதற்கு நிகரான வசதி இங்குள்ள மலிவு எப்.எம். பெட்டிகளில் இல்லை. ஆனால் தமிழில் எழுதி அனுப்ப அலுவலகத்தில் ஆள் இல்லாவிட்டால், எந்தப் பெட்டியும் தமிழ் பேசாது.

இனி நடக்கக்கூடியது

பொழுதுபோக்குக்காகக் கேட்பது தொடர்ந்து இணையத்துக்குப் போகும். எப்.எம். அடுத்த பத்தாண்டிலும் இலங்கையில் ஒலிக்கும். விளம்பர வருமானம் குறையக் குறைய, கேட்போர் குறைவான மலைப்பகுதி ஒலிபரப்பிகளே முதலில் பராமரிப்பின்றி விடப்படும் என்பதே மெய்யான ஆபத்து. எந்த அறிவித்தலும் இல்லாமல், ஒவ்வொரு பள்ளத்தாக்காக எப்.எம். தேயலாம். தரைவழி டிஜிட்டல் வந்தால் அரசின் பணத்திலும் அனர்த்தத் தேவையின் பெயரிலும்தான் வரும், சந்தையின் வழியாக அல்ல.

இவை போட்டியிடாமல் சேர்ந்து இயங்க முடியும் என்பதை மலையகமே முன்பு காட்டியிருக்கிறது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியில், 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் இணைய இணைப்பு வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, கிடைத்ததை உள்ளூர் மொழியில் விளக்கி எப்.எம்மில் சொல்வார்கள். ஓர் இணைப்பின் செலவில் ஒரு பள்ளத்தாக்கே பயன் பெற்றது. ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் இருந்ததால் சுற்றியிருந்த தோட்டங்களுக்கு அதன் முழுப் பயன் எட்டவில்லை.

அதைத் தமிழில் பொகவந்தலாவையிலோ லுணுகலையிலோ இன்று செய்ய விரும்பும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கருவி கிடைக்கும். குறைந்த சக்தி எப்.எம். ஒலிபரப்பியும் ஒரு கணினியும் ஓர் இணைப்பும் போதும். உரிமம் கிடைக்காது. இலங்கையில் சமூக வானொலிக்கென்று தனி உரிம வகை கிடையாது. கொத்மலையும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கியது. நாளை டிஏபி வந்து, ஒரே ஒலிபரப்பியில் பதினெட்டு இடங்கள் திறந்தாலும், அந்த இடங்களை யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்யப்போவது இதே உரிம விதிகள்தான்.